விறகில் கிடக்கும் வைரம்

வைரம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று மணி, மற்றொன்று மரத்தின் உள்ளே முதிர்ந்து இறுகிய கட்டை. முதல் வைரத்தைப் பெட்டியில் பூட்டிக் காக்கிறோம். இரண்டாவதை அடுப்பில் வைக்கிறோம். தேநீர்க் கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் செங்கற்சூளைக்கும் போகின்ற விறகுக் குவியலில், தச்சன் கைக்குப் போகத்தக்க கட்டைகள் பல கலந்து கிடக்கின்றன. அவற்றை இனங்கண்டு எடுப்பது எப்படி, எடுத்ததை வெடிக்காமல் உலர்த்துவது எப்படி என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

இங்குள்ள தமிழர்க்கு இதில் ஒரு தனிக் காரணமும் உண்டு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாய் வளராதது செம்மரம். நீரில் இட்டால் மூழ்கும் அளவுக்கு அதன் வைரம் கனமானது. 1995 முதல் பன்னாட்டு வாணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. இம்மரத்தின் பொருட்டே 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில், மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி ஆந்திரக் காவற்படையினர் 20 தமிழரைச் சுட்டுக் கொன்றனர். கூலிக்கு மலையேறும் ஏழைகள் சிறைப்படுவது அதற்கு முன்னும் நிகழ்ந்தது, பின்னும் நிகழ்ந்தது. ஒரு மரத்துக்கு உயிர் விலையாகும் அதே மலையடிவாரத்தில், வேறு நல்ல மரங்கள் விறகு விலைக்கு எரிகின்றன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆதலின் முதல் விதி இது: செம்மரமோ சந்தனமோ, சிறு துண்டாயினும் குவியலில் கண்டால் தொடற்க. நாம் தேடுவது தோப்பிலும் வயலோரத்திலும் வெட்டப்பட்டு, விறகுக் கடையில் எடைபோட்டு விற்கும் மரங்களையே.

வைரம் என்பது யாது?

மரத்தின் வெளிப்புறக் கட்டை வேரிலிருந்து நீரை மேலே ஏற்றும் உயிருள்ள பகுதி. அதில் மாச்சத்து மிகுதி. அதனால் வண்டு விரும்பித் துளைக்கும். மரம் முதிர முதிர உள்ளேயுள்ள உயிரணுக்கள் இறக்கின்றன. இறக்குமுன் துவர்ப்புப் பொருளும் பிசினும் நிறப்பொருளும் அங்கே படிகின்றன. நிறம் கருத்துப் பூச்சிக்குக் கசப்பான அப்பகுதியே வைரம். தச்சர் சிலர் இதனைச் சேகு என்பர். தொல்காப்பியர் மரபியலில் பனை போன்றவற்றைப் புறத்தே வயிரம் உடைமையால் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பிரித்த நுட்பம் இங்கு நினைவுகூரத் தக்கது.

குவியலில் உள்ள மரங்கள்

ஸ்ரீ சிட்டி அமைந்துள்ள சத்தியவேட்டுப் பகுதியின் பல ஊர்கள் 1960 வரை செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. ஆகவே அங்கெல்லாம் விறகுக் கடையில் தமிழ்ப் பெயரே செல்லும். திருப்பதி, சித்தூர்ப் பக்கம் தெலுங்குப் பெயரும் தெரிந்திருத்தல் நலம்.

புளி, தெலுங்கில் சிந்த. முதிர்ந்த மரத்தின் நடுவே கருஞ்சிவப்பான வைரம் சிறிதளவே இருக்கும். உளி மழுங்கும் அளவுக்கு உறுதியானது. கறிக்கடைக் கட்டையும் உலக்கையும் இம்மரத்தில் செய்வது இதனாலேயே.

கருவேல், தெலுங்கில் நல்ல தும்ம. இங்கே ‘நல்ல’ என்பது கருமையைக் குறிக்கும் தெலுங்குச் சொல், நன்மையைக் குறிப்பதன்று. வண்டிச் சக்கரமும் கலப்பையும் இதனால் செய்யப்பட்டன.

சீமைக் கருவேல், தெலுங்கில் சர்க்கார் தும்ம. 1877இல் ஜமேய்க்காவிலிருந்து விதை தருவித்துப் பக்கத்துக் கடப்பைப் பகுதியில் வளர்க்கத் தொடங்கியது அன்றைய சென்னை மாகாண வனத்துறை. இன்று அதனை எல்லோரும் தூற்றுகிறோம். விறகும் கரியுமே அதன் பயன் என்கிறோம். ஆனால் அதன் இனத்தைச் சேர்ந்த மரங்களை டெக்சாஸ் மாநிலத்தாரும் அர்ஜென்டினா நாட்டாரும் தரைப்பலகைக்கும் மேசை நாற்காலிக்கும் ஆள்கின்றனர். உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்குவது இதன் பெருமை. வளைந்து வளர்வதால் நீண்ட பலகை கிடைப்பது அரிது; சிறு பொருள்களுக்கு இதனினும் மலிவான நல்ல மரம் இல்லை.

வாகை: பழுப்பு நிற வைரமும் அழகிய ரேகையும் உடையது. மேலைநாட்டு வணிகர் இதனைக் கிழக்கிந்திய வால்நட் என்று விற்றனர்.

வேம்பு: புகழ்பெற்ற மகாகனி மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது, செந்நிறமானது, கறையான் எளிதில் அணுகாது.

மா, தெலுங்கில் மாமிடி: சித்தூர்ச் சீமையில் பழைய தோப்புகளை வெட்டும்போது மிகுதியாய்க் கிடைக்கும். வைரம் குறைவு. பூஞ்சணம் விரைவில் பற்றுமாதலால் வெட்டிய சில நாட்களுக்குள் அறுத்துவிடல் வேண்டும்.

ஆலைப் பெட்டிகள்

ஸ்ரீ சிட்டியில் மற்றொரு சுரங்கமும் உண்டு. பன்னாட்டு ஆலைகளுக்குக் கப்பலில் வரும் இயந்திரங்களின் மரப்பெட்டிகளும் அடித்தட்டுகளும் பழைய மரக் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. பெரும்பாலும் பைன் மரமே. இடையிடையே ஓக், ரப்பர் மரம், தென்கிழக்காசியக் கடுமரம் ஆகியவையும் அகப்படும். பெட்டியின் மேல் கோதுமைக் கதிர் முத்திரையும் நாட்டைக் குறிக்கும் ஈரெழுத்தும் பொறித்திருப்பதைக் காணலாம். மரத்தோடு பூச்சி நாடுவிட்டு நாடு செல்லாதிருக்க 2002இல் வகுத்த பன்னாட்டு விதியின் அடையாளம் அது. ‘எச்டி’ என்றிருந்தால் கட்டையின் நடுப்பகுதி 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் இருந்தது என்று பொருள். ‘எம்பி’ என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்னும் நச்சுவாயு ஊட்டப்பட்டது. அதனைச் சமையற்பொருளுக்கும் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளுக்கும் ஆளற்க. அறுக்குமுன் காந்தத்தை மேலே நகர்த்தி ஆணி உள்ளதா என்று பார்த்தல் இன்றியமையாதது.

தேர்ந்தெடுத்தல்

விறகின் மேற்பட்டை யாவும் ஒன்றுபோலவே சாம்பல் நிறத்தில் இருக்கும். ஆதலின் முனையை ஓர் அங்குலம் அறுத்துப் புதுமுகத்தைப் பார்க்க வேண்டும். நடுவே கருமையும் சுற்றிலும் வெளுப்பும் தெளிவாய்ப் பிரிந்திருத்தல் நன்று. ஒரே அளவான இரு துண்டுகளில் கனமானதை எடுக்க. நடுவிலிருந்து ஆழமாய் வெடித்தவற்றையும், தட்டினால் மாவுபோல் தூள் கொட்டுபவற்றையும் அடுப்புக்கே விட்டுவிடலாம். கிளை பிரியும் கவட்டைக் கட்டையை விறகுக்காரர் பிளக்க முடியாமல் ஒதுக்குவர். மிக அழகிய ரேகை அங்கேதான் இருக்கும்.

உலர்த்தும் முறை

கிடைத்த கட்டையைப் பலர் இழப்பது இவ்விடத்திலேயே. பச்சை மரத்தில் நீர் இருவகையில் நிற்கிறது: உயிரணுவின் உள்வெளியில் ஒன்று, அதன் சுவரில் மற்றொன்று. உள்வெளி நீர் போகும்போது எடை குறையுமேயன்றி மரம் சுருங்காது. ஈரம் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்குக்குக் கீழே இறங்கியபின் சுவர் நீர் வெளியேறுகிறது. அப்போதுதான் சுருக்கம் தொடங்கும். வட்டத்தின் ஓரமாய்ச் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. சுற்றளவு மிகுதியாகவும் ஆரம் குறைவாகவும் குறைந்தால் உருளை முழுதாய் எவ்வாறு நிற்கும்? வெடித்தே தீரும்.

மருந்து எளிது. உருளையை நீளவாக்கில் நடுத்தண்டின் வழியே இரண்டாய்ப் பிளந்து, நடுத்தண்டை நீக்குக. நீர் முனைகளின் வழியே விரைந்து வெளியேறுமாதலால், வெட்டிய அன்றே இரு முனைகளிலும் உருக்கிய மெழுகோ பழைய வர்ணமோ பூசுக. வெளுப்புப் பகுதியைச் செதுக்கி எறிக. பிறகு நிழலில், காற்றோடும் இடத்தில், துண்டுகளுக்கிடையே சிறு குச்சிகள் வைத்து அடுக்குக. வெயிலில் வைப்பது கூடாது.

உலர்ந்ததா என்று அறியத் தராசு போதும். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவர, எடை குறையாமல் நிலைத்த நாளில் மரம் நம்மூர்க் காற்றோடு ஒத்துப்போயிற்று எனலாம். ஈரத்தின் அளவையும் அறிய விரும்புவோர் சிறு துண்டொன்றை நிறுத்து, 103 பாகை அளவான சூட்டடுப்பில் எடை நிலைக்கும்வரை வைத்து மீண்டும் நிறுக்கலாம். 90 கிராம் துண்டு 60 கிராம் ஆயிற்று எனக் கொள்வோம்: போன நீர் 30, அதனை உலர்ந்த எடையாகிய 60 ஆல் வகுக்க, ஈரம் நூற்றுக்கு 50. அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளல் வேண்டும். நுண்ணிய மரத்தூள் மூச்சுக்குக் கேடு.

முடிவுரை

இவ்வாறு பெற்ற கட்டையால் கட்டில் செய்ய இயலாது. உளிப்பிடி, கரண்டி, சதுரங்கக் காய், பல்லாங்குழி, பெட்டி மூடி ஆகியவை செய்யலாம். செம்மரத்தால் கடைந்த மரப்பாச்சி திருப்பதிக்கு வந்தவர் வீட்டுக்கு வாங்கிச் சென்ற பொருள். புளியின் வைரத்திலும் வேம்பிலும் அதனைச் செதுக்கினால் குழந்தைக்கு எக்குறையும் தோன்றாது. அதன் பொருட்டு எவனும் இரவில் மலையேற வேண்டியதில்லை. சங்கத் தோழர்கள் அடுத்தமுறை விறகுக் கடையைக் கடக்கும்போது சற்றே நின்று, ஒரு கட்டையின் முனையை உற்று நோக்குவார்களாக. நடுவே கருமை தெரிந்தால், எடைக்குரிய காசைக் கொடுத்து அதனை எரியாமல் மீட்பார்களாக.