முழங்கால் குருத்தெலும்புக் கிழிசல்: கத்தி முதலா, பயிற்சி முதலா?

ஐம்பது வயதைக் கடந்த அங்கத்தினர் பலருக்கு முழங்கால் வலி உண்டு. படம் எடுத்துப் பார்த்த வைத்தியர், "குருத்தெலும்பு கிழிந்திருக்கிறது" என்றதும், ரண சிகிச்சைக்குக் கடன் தேடப் புறப்படுவோர் உளர். கடன் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் அறியத்தக்க சிலவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

தொடை எலும்புக்கும் அதன் கீழுள்ள கால் எலும்புக்கும் இடையே, பிறை வடிவமான இரு குருத்தெலும்புகள் மெத்தைபோல் அமைந்துள்ளன. வயது ஏற ஏற இவை நைந்து, அடிபடாமலே கிழிவதுண்டு. ஆனால் கிழிசல் எல்லாம் வலிப்பதில்லை. 2008ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரின் முழங்கால்கள் படமெடுத்துப் பார்க்கப்பட்டன. கிழிசல் காணப்பட்டவர்களுள் 61 சதவீதத்தினருக்கு, அதற்கு முந்தைய மாதத்தில் வலியோ பிடிப்போ இருந்ததில்லை. ஆகவே, கிழிசலே வலிக்குக் காரணம் என்று துணிந்துவிடலாகாது. மூட்டுத் தேய்வும் தொடைத் தசையின் பலவீனமும் காரணமாகலாம்.

ரண சிகிச்சையில், சிறு துளைகளின் வழியே கருவியைச் செலுத்திக் கிழிந்த பகுதியை வெட்டி நீக்குவர். நீக்கியது மீண்டும் வளராது. இம்முறையையும் உடற்பயிற்சிச் சிகிச்சையையும் ஒப்பிட்டு, அமெரிக்காவில் 45 வயதும் அதற்கு மேலும் ஆன 351 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2013இல் வெளியாயிற்று. கிழிசலோடு மூட்டுத் தேய்வும் உடையவர்கள் இவர்கள். ஆறு மாதத்திற்குப் பின், இரு சாராரின் நலத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பயிற்சிச் சாராரில் ஏறத்தாழ 100க்கு 30 பேர் இடையில் ரண சிகிச்சைக்கு மாறினர். ஓராண்டு முடிவில் அவர்களும், முதலிலேயே அதைச் செய்துகொண்டவர்களைப் போன்றே தேறியிருந்தனர். முதலில் பயிற்சியை நாடியதால் அவர்களுக்கு நஷ்டம் நேரவில்லை.

நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி, மெல்ல இறக்குதல் போன்ற எளிய பயிற்சிகள் தொடைத் தசையை வலுப்படுத்தும். இவற்றைப் பயிற்சி வல்லுநரிடம் கற்று, மூன்று மாத காலமாவது ஒழுங்காகச் செய்தல் வேண்டும். மிதிபலகை மிதிப்போரும், வயலில் குந்தி வேலை செய்வோரும் தம் தொழிலைச் சொல்லி, அதற்கேற்ற பயிற்சிகளைக் கேட்டறிதல் நலம்.

ஆயினும், முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்ட இயலாமற்போனாலும், அடிபட்டுத் திடீரென வீங்கினாலும் தாமதியாது வைத்தியரிடம் செல்க. இளைஞருக்கு அடிபட்டு உண்டாகும் கிழிசல் வேறு வகை. மேற்கூறியவை அதற்குப் பொருந்தா.

மற்றையோர் கடனுக்கு விண்ணப்பிக்குமுன் வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "முதலில் மூன்று மாதம் பயிற்சி செய்து பார்க்கலாமா?"