இறக்குமதி வணிகமும் கள்ளாமையும்

திருப்பூர்ப் பனியன் தொழிலை நடத்தும் கருவிகளுள் பல அவ்வூரில் செய்யப்படுவன அல்ல. ஓவர்லாக், ஃப்ளாட்லாக் தையல் இயந்திரங்கள் ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகின்றன. ஊசி, லூப்பர் முதலிய உதிரிப் பொருள்கள் பலவும் அவ்வாறே. இவற்றைச் சிறிய அளவில் தருவித்து, கடை வாடகையின்றி இணையவழி விற்கலாமா என இளைஞர்கள் வினவுவதுண்டு. விற்கலாம், பெருமுதலும் வேண்டியதில்லை. ஆயின் அதற்குரிய விதிகளை முன்னரே கற்றல் வேண்டும். ஊசி ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொண்டு அவற்றைக் காண்போம்.

ஊசியிற் பல வகை உண்டு. ஒற்றை ஊசித் தையலுக்கு டிபி×1, ஓவர்லாக்கிற்கு டிசி×27. பின்னல் துணிக்குக் கூர்முனை ஆகாது; உருண்டை முனை வேண்டும். இன்றேல் இழை அறுந்து துணியில் ஓட்டை விழும். ஏற்றுமதி ஆலைகளில் ஓர் ஊசி ஒடிந்தால் அதன் துண்டுகள் அனைத்தையும் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைப்பர். ஒரு துண்டு அகப்படாவிடினும் அங்கிருந்த ஆடைகளை உலோகங்காட்டும் கருவியில் இட்டுச் சோதிப்பர். குழந்தையின் உடையில் தங்கிய துண்டு யாது செய்யும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே, புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயர் பொறித்த பெட்டியில் போலி ஊசியை இட்டு விற்பவன் வாங்குவோனின் காசை மட்டும் கவர்வதில்லை.

தொழில் தொடங்குவோர் முதலில் பெற வேண்டுவது இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண். வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் இதனை இணையவழி வழங்குகிறது. கட்டணம் 500 ரூபாய். 2017 முதல் வருமானவரி நிரந்தரக் கணக்கு எண்ணே இக்குறியீடாகவும் அமைகிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையுள்ள காலத்தில் விவரங்களை உறுதி செய்யாவிடின் எண் முடக்கப்படும். இதனுடன் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவும் வேண்டும். பிற மாநிலங்களுக்கு இணையச் சந்தைகளின் வழியே பொருள் விற்போர்க்கு விற்றுமுதல் எத்துணைச் சிறிதாயினும் இப்பதிவிலிருந்து விலக்கு இல்லை.

இனி வரிக் கணக்கு. கப்பற்கூலியும் காப்பீடும் சேர்ந்த மதிப்பின் மீதே சுங்கம் கணிக்கப்படும். அம்மதிப்பு 1,00,000 ரூபாய், அடிப்படைச் சுங்கம் நூற்றுக்குப் பத்து எனக் கொள்வோம். (உண்மை விகிதத்தைப் பொருளின் சுங்கக் குறியீட்டைக் கொண்டே அறிய வேண்டும்.) சுங்கம் 10,000. அதன்மேல் நூற்றுக்குப் பத்து வீதம் சமூகநல மேல்வரி 1,000. ஆகமொத்தம் 1,11,000. இதன்மீது ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரி நூற்றுக்குப் பதினெட்டு எனக் கொண்டால் 19,980. கட்ட வேண்டியது 30,980 ரூபாய். இவற்றுள் 19,980 விற்பனை வரியில் கழித்துக்கொள்ளத் தக்கது. கைவிட்டுப் போவது 11,000 மட்டுமே.

இவ்விடத்தேதான் சபலம் எழுகிறது. ‘பட்டியலில் எவ்வளவு குறைத்து எழுதட்டும்?’ என்று அயல்நாட்டு வணிகர் தாமே கேட்பதுண்டு. பாதியாக, 50,000 என எழுதச் செய்தால் மிஞ்சுவது என்ன? திரும்பப் பெறும் வரியை நீக்கினால் 5,500 ரூபாய். எஞ்சிய 50,000 ரூபாயை வங்கியின் வழியே அனுப்ப இயலாது. கணக்கிலும் காட்ட இயலாது. கணக்கிற் கொள்முதல் 50,000 குறைந்து நிற்க, அத்தொகை இல்லாத இலாபமாகத் தோன்றி வருமான வரிக்கு உள்ளாகும். முற்காலத்துக் கடைக்காரர் இரசீதின்றி விற்று இதனை மறைத்திருக்கலாம். இணைய வணிகனுக்கு அவ்வழியும் இல்லை. ஒவ்வொரு விற்பனையையும் சந்தை நிறுவனம் அரசுக்குத் தெரிவிக்கிறது. நூற்றுக்கு அரை வீதம் வரியும் பிடித்துச் செலுத்துகிறது. பொய் மதிப்பு வெளிப்பட்டால் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்படி சரக்குப் பறிமுதலும் தண்டமும் உண்டு. ஒத்த சரக்கைப் பிறர் என்ன மதிப்பிற் கொணர்ந்தனர் என்ற விவரம் சுங்கத்தாரிடம் இருப்பதால், வெளிப்படுதலும் அரிதன்று.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கள்ளாமை விரதத்திற்குரிய அதிசாரங்களாக ஐந்தினைக் கூறுகிறது. கள்வனைத் தூண்டுதலும் அவன் கொணர்ந்ததைக் கொள்ளுதலும் அவற்றுள் இரண்டு. அரசின் விதியைக் கடத்தல், அளவையிற் கூட்டுதல் குறைத்தல், போலியைக் கொண்டு வணிகம் செய்தல் ஆகியன எஞ்சிய மூன்று. இம்மூன்றும் துறைமுகத்தையும் பண்டசாலையையும் நன்கறிந்தோர் வகுத்தன போலவே தோன்றுகின்றன. பொய்ப் பட்டியலை ‘வணிக வழக்கம்’ என்று சொல்லி ஒதுக்க இல்லறத்தார்க்கு இடமில்லை.

பொருள் வந்தபின் உறையைக் கவனிக்க வேண்டும். 2011ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, சில்லறை விற்பனைக்குரிய உறையின்மேல் பொருளின் பெயர், எண்ணிக்கை, அதிகபட்ச விலை, தோன்றிய நாடு, இறக்குமதியாளரின் பெயர், முகவரி, குறை தெரிவிக்கும் வழி ஆகியன இருத்தல் வேண்டும். தோன்றிய நாட்டையும் இறக்குமதியாளரையும் விற்பனைப் பக்கத்திலும் காட்ட வேண்டும் என்பது 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதி. சீனத்து ஊசிக்குச் ‘ஜப்பான் தரம்’ என்று தலைப்பிடுவாரைக் காண்கிறோம். சீனத்தில் நல்ல ஊசியும் செய்யப்படுகிறது. அதை அந்நாட்டின் பெயராலேயே விற்கலாமே! பிறர் வணிகச் சின்னம் பொறித்த போலியைக் கொணர்ந்தால், சின்னத்திற்குரியவர் சுங்கத்தில் பதிந்திருக்குமிடத்து, 2007ஆம் ஆண்டு விதிகளின்படி அது துறைமுகத்திலேயே நிறுத்தப்படும். ஆதலின், அயல்நாட்டு வணிகர் உண்மையான முகவரா என்பதை உற்பத்தி நிறுவனத்திடமே எழுதிக் கேட்டறிக. முதலில் சில பெட்டிகள் மட்டும் தருவித்துத் தையற்காரர் ஒருவரிடம் கொடுத்து, ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிறு பொதிகளை ‘அன்பளிப்பு’ என எழுதிக் கூரியரில் வருவிக்கும் வழக்கமும் முன்பு இருந்தது. 2019 டிசம்பரில் அவ்வழி அடைக்கப்பட்டது. உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும் மட்டும் விலக்குப் பெற்றன. ஊசிக்கு அவ்விலக்கு இல்லை. வணிகச் சரக்கு வணிகச் சரக்காகவே, பில் ஆஃப் என்ட்ரியுடன் வர வேண்டும். இறக்குமதி தொடங்கிய 90 நாட்களுக்குள் எடையளவுத் துறையிடம் இறக்குமதியாளராகப் பதிவு செய்துகொள்ளுதலையும் பலர் மறந்துவிடுகின்றனர்; முதற்சரக்கு வந்த நாளை நாட்காட்டியிற் குறித்து வைத்துக்கொள்க.