சாய்ந்திருந்த அளவுகோல்: மேற்பரப்பை அளக்க ஒரு பாடம்

திருப்பூரிலிருந்து காங்கயம் சாலையில் வந்தால் நல்லூர். 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்த பகுதி. என் வகுப்புப் பிள்ளைகள் பலரின் வீட்டில் யாராவது ஒருவர் பனியன் கம்பெனிக்குப் போகிறார். ஒருவர் டெய்லர், ஒருவர் அயர்ன், ஒருவர் செக்கிங். ஷிப்ட் முடிந்து பெற்றோர் வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கிவிட்டிருக்கும் நாள்களும் உண்டு.

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடம் அளவீடு. வெர்னியர் அளவியும் திருகு அளவியும் மேசைமேல் இருந்தன. திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர் என்று எழுதிப் போட்டேன். அப்போது ஒரு மாணவி கேட்டாள்:

“துணி எவ்வளவு சொரசொரப்புன்னு இதுல அளக்க முடியுமா மிஸ்? எங்கம்மா செக்கிங்ல இருக்காங்க. கண்ண மூடிட்டுத் தொட்டாலே எது நைஸ், எது சொரசொரன்னு சொல்லிருவாங்க.”

திருகு அளவி தடிமனைச் சொல்லும், சொரசொரப்பைச் சொல்லாது. அதை அளக்க வேறு வழி உண்டு என்றேன். மறுநாள் அவள் இரண்டு கட்டிங் வேஸ்ட் துண்டுகளைக் கொண்டு வந்தாள். இரண்டும் வெள்ளை சிங்கிள் ஜெர்சி. முதல் துண்டு பயோவாஷ் செய்தது. அம்மா நைஸ் என்று சொன்னது. இரண்டாவது, “இது சொரசொர, பில்லிங் வரும்” என்று அம்மா ஒதுக்கியது. அந்த இரண்டு துண்டுகளை வைத்து நடத்திய பாடத்தையும், அதில் நான் செய்த பிழையையும் இங்கே பகிர்கிறேன்.

மேற்பரப்பை எப்படி அளக்கிறார்கள்?

உலோகப் பட்டறைகளில் இதற்கென்றே கருவி உண்டு. ஓரிரு மைக்ரோமீட்டர் ஆரமே உள்ள வைரமுனை ஒன்று பரப்பின் மேல் மெல்ல ஊர்ந்து போகும். மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும். அந்த ஏற்ற இறக்கமே எண்களின் வரிசையாகக் கணினிக்குச் செல்கிறது. அந்த வரிசைக்குப் பரப்பின் வெட்டுக்கோட்டு வடிவம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

துணிக்கும் அப்படி ஒரு கருவி உண்டு. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் சுவேயோ கவாபாத்தா 1970களில் துணியின் தொடுஉணர்வை எண்ணாக்கும் கருவித் தொகுதியை உருவாக்கினார். அதில் ஒரு கருவி துணியின் உராய்வையும் மேடுபள்ளத்தையும் அளக்கும். அவர் கருவியிலிருந்து தொடங்கவில்லை. ஆலைகளில் பல்லாண்டு துணியைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொன்ன அனுபவசாலிகளின் மதிப்பீடுகளைத் திரட்டி, அவற்றோடு ஒப்பிட்டே எண்களை அமைத்தார். இதை நான் பாடத்தின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பள்ளியில் செய்யும் வழி

நம்மிடம் வைரமுனை இல்லை. செல்பேசிக் கேமராவும், 15 சென்டிமீட்டர் எஃகு அளவுகோலும், உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியும் இருக்கின்றன. அவை போதும்.

1. மூன்று சென்டிமீட்டர் அகலத் துணித்துண்டை அளவுகோலின் மேல்விளிம்பில் மடித்துப் போட வேண்டும். அளவுகோலின் இரு முனைகளும் வெளியே தெரிய வேண்டும்.

2. ஜன்னல் வெளிச்சம் பின்னால் இருக்குமாறு நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். துணியின் விளிம்பு நிழலுருவமாகத் தெரியும். அளவுகோலின் கோடுகள் தெரியும் அளவுக்கு முன்பக்கமும் சிறிது வெளிச்சம் தேவை.

3. படத்தைக் கணினியில் பெயிண்ட் மென்பொருளில் திறக்க வேண்டும். சுட்டியை எங்கே வைத்தாலும் கீழே இரண்டு எண்கள் தெரியும். அவை கிடைமட்ட, செங்குத்துப் புள்ளி எண்கள். கணித வகுப்பில் படித்த ஆயத்தொலைகள்தாம் இவை. ஒரு வேறுபாடு உண்டு: படத்தில் செங்குத்து எண் மேலிருந்து கீழாகக் கூடும். எனவே கீழே ஒரு வரிசையைத் தேர்ந்து, அதன் எண்ணிலிருந்து விளிம்பின் எண்ணைக் கழித்தால்தான் உயரம் கிடைக்கும். பிள்ளைகள் முதலில் தடுமாறும் இடம் இது.

4. அளவுகோலின் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை புள்ளிகள் என்று எண்ண வேண்டும். எங்கள் படத்தில் 40 வந்தது. ஆகவே ஒரு புள்ளி 25 மைக்ரோமீட்டர்.

5. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் பத்து இடங்களில் உயரம் எடுத்து, லிப்ரே ஆபீஸ் கால்க் அட்டவணையில் தட்டச்சிட வேண்டும்.

6. பத்து உயரங்களின் சராசரியைக் காண வேண்டும். அது நடுக்கோடு. ஒவ்வோர் உயரமும் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கண்டு, குறியை விட்டுவிட்டு, அந்த விலகல்களின் சராசரியை எடுக்க வேண்டும். இதுவே தொழிற்சாலை அறிக்கைகளில் ‘ஆர்.ஏ.’ என்று குறிக்கப்படும் சராசரிச் சொரசொரப்பு.

பத்தாம் வகுப்புக்கு நடத்துவோர், விலகல்களின் வர்க்கச் சராசரிக்கு வர்க்கமூலம் காணச் சொல்லலாம். ‘ஆர்.க்யூ.’ எனப்படும் அந்த அளவு நம் கணிதப் பாடத்தின் திட்ட விலக்கமே.

எங்களுக்குக் கிடைத்த எண்கள்

முதல் துணி: 51, 51, 53, 57, 58, 60, 63, 63, 65, 69. சராசரி 59. சராசரிச் சொரசொரப்பு 5.0 புள்ளி.

இரண்டாம் துணி: 52, 50, 58, 51, 59, 50, 51, 57, 50, 52. சராசரி 53. சராசரிச் சொரசொரப்பு 3.0 புள்ளி.

கணினி முடிவைக் காட்டியதும் வகுப்பில் சலசலப்பு. அம்மா நைஸ் என்று சொன்ன துணிக்குத்தான் எண் அதிகம். நான் அந்த நேரத்தில் சொன்னது இது: “பார்த்தீங்களா, கைக்குத் தெரியாதது அளவீட்டுக்குத் தெரியும். அதனாலதான் அறிவியல்ல கருவி வேணுங்கறோம்.” சில பிள்ளைகள் அந்த மாணவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் ஒன்றும் பேசவில்லை. இரண்டு துண்டுகளையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தாள். நோட்டில் முதல் துணியின் விலகல்களைக் குறியோடு எழுதி வைத்திருந்தாள்:

−8, −8, −6, −2, −1, +1, +4, +4, +6, +10.

“மிஸ், மொத அஞ்சும் மைனஸ், அடுத்த அஞ்சும் ப்ளஸ். துணி ஒரு பக்கம் பூரா பள்ளமாவும் இன்னொரு பக்கம் பூரா மேடாவுமா இருக்கும்?”

படத்தை மீண்டும் திறந்தோம். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அளவுகோலின் முனைகளைப் பார்த்ததும் புரிந்தது. படம் எடுத்தபோது அளவுகோல் சாய்ந்திருந்தது. மூன்று டிகிரிக்கும் குறைவான சாய்வு. கண் அதைப் பொருட்படுத்தாது. நாங்கள் அளந்தது துணியின் சொரசொரப்பை அல்ல, என் கையின் சாய்வை.

சாய்வை நீக்குதல்

கால்க் அட்டவணையில் ‘ஸ்லோப்’ என்ற சார்பு உண்டு. முதல் துணிக்கு அது 2 என்று காட்டியது. அதாவது ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் உயரம் இரண்டு புள்ளி கூடுகிறது. எனவே பத்து உயரங்களிலிருந்தும் முறையே 0, 2, 4, 6 என்று 18 வரை கழித்தோம். கிடைத்தவை:

51, 49, 49, 51, 50, 50, 51, 49, 49, 51.

சராசரி 50. சராசரிச் சொரசொரப்பு 0.8 புள்ளி, அதாவது 20 மைக்ரோமீட்டர். இரண்டாம் துணியின் சாய்வு பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது, அதன் 3.0 புள்ளி, 75 மைக்ரோமீட்டர், ஏறக்குறைய அப்படியே நின்றது. அம்மாவின் விரல் சொன்ன வரிசைதான் சரி.

அன்றைய வகுப்பில் முதல் வேலையாக, நேற்று நான் சொன்னது தவறு என்றும், எப்படித் தவறு என்றும், யார் கண்டுபிடித்தார் என்றும் சொன்னேன். அந்த மாணவியையே கரும்பலகையில் கழித்துக் காட்டச் சொன்னேன்.

மென்பொருளின் இடம்

மேற்பரப்புத் தரவுகளுக்கென்றே இலவச மென்பொருள்கள் உள்ளன. செக் நாட்டின் தேசிய அளவியல் நிறுவனத்தின் ஆதரவோடு வளர்ந்த ‘க்விடியன்’ அவற்றுள் ஒன்று. கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும். ஆய்வகக் கணினிகளில் புதிய மென்பொருளை நிறுவ நிர்வாகக் கடவுச்சொல் தேவை என்பதால், என் மடிக்கணினியில் நிறுவிப் புரொஜெக்டரில் காட்டினேன். கணக்கை மாணவர்கள் ஆய்வகத்தில் கால்க்கில் செய்தார்கள். இந்த ஏற்பாடே நல்லது என்று இப்போது நினைக்கிறேன். ஏனெனில் அந்த மென்பொருளில் ‘லெவல்’ பட்டியலைத் தட்டினால் சாய்வு நொடியில் போய்விடும். கையால் ஒருமுறை கழித்த பிள்ளைக்குத்தான் அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்று தெரியும்.

இன்னோர் எச்சரிக்கை. இந்த மென்பொருள் சாதாரணப் புகைப்படத்தையும் திறந்து, வெளிச்சத்தை உயரமாகக் காட்டும். அழகான மலைத்தொடர் போலத் தெரியும். பிரிண்ட் போட்ட பனியனைப் படம் எடுத்துத் திறந்தோம். கறுப்புப் புள்ளி ஆழமான குழியாகத் தெரிந்தது. தொட்டுப் பார்த்தால் அங்கே குழி இல்லை. எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கப் பழக்க இதைவிட எளிய செயல்பாடு எனக்குத் தெரியவில்லை.

பத்துப் புள்ளிகள் கற்பதற்கு மட்டுமே போதும். உண்மைக் கருவி ஆயிரக்கணக்கான புள்ளிகளை எடுக்கும். மேலும் பில்லிங் சோதனையில் இன்றும் பயிற்சி பெற்ற கண்தான் மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை கிரேடு போடுகிறது. 5 என்றால் உருண்டைகள் இல்லை என்று பொருள். பயோவாஷ் பற்றிய கேள்வி எழுந்தால் அப்படியே நொதிகளுக்குப் போகலாம். செல்லுலேஸ் நொதி பருத்தி இழையின் நீட்டிய முனைகளைச் சிதைப்பதால்தான் துணி வழவழப்பாகிறது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில்

அந்த மாணவியின் அம்மா அடுத்த கூட்டத்துக்கு வந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். என் பிழையையும் சொன்னேன். சிரித்துக்கொண்டே இரண்டாம் துண்டை வாங்கி விரலால் தடவினார்.

“எந்தப் பக்கமா அளந்தீங்க டீச்சர்? நீளவாக்குல தடவுனா அவ்வளவா தெரியாதுங்க. குறுக்கால தடவிப் பாருங்க, அப்பத்தான் தெரியும்.”

நாங்கள் ஒரே திசையில்தான் அளந்திருந்தோம். பின்னலாடையில் வளையங்கள் நீளவாக்கில் வரிசையாக அடுக்கப்படுகின்றன. குறுக்கே போகும் விரல் ஒவ்வொரு வரிசையையும் ஏறி இறங்குகிறது. கவாபாத்தாவின் கருவியிலும் துணியை இரு திசைகளிலும் வைத்தே அளப்பார்கள். முப்பது பிள்ளைகளும் நானும் கேட்காத கேள்வியை அவர் ஒரு தடவலில் கேட்டுவிட்டார்.

அடுத்த வாரம் அதே துண்டுகளைக் குறுக்காக மடித்து அளக்க இருக்கிறோம். இம்முறை அளவுகோலை இரண்டு மரக்கட்டைகளுக்கு இடையில் இறுக்கி நிறுத்தி, படம் எடுக்கும் முன் நூல்குண்டு வைத்துச் சரிபார்ப்பது அந்த மாணவியின் பொறுப்பு. உங்கள் ஊரில் பனியன் இல்லாவிட்டால் தறித்துணி, பாய், ஓலை, மண்பானை என எதையும் எடுக்கலாம். அதைத் தினமும் தொட்டு வேலை செய்யும் ஒருவரிடம் முதலில் கேட்டுவிட்டு, பிறகு அளக்கத் தொடங்குங்கள்.