கதவுக் கண்ணாடியில் சிக்கனம் வேண்டாம்



சரக்கு ஏற்றி வரப் பழைய பிக்கப் வண்டி வைத்திருப்போர் நம்மில் பலர். எஞ்சின், டயர், பிரேக் ஆகியவற்றைக் கவனிக்கும் நாம், கதவுக் கண்ணாடியை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. எங்கள் பருப்பு மண்டியிலும் அப்படித்தான் இருந்தோம். அதற்கு நாங்கள் கொடுத்த விலையைச் சொல்லிவிட்டு, கண்ணாடி மாற்றும் முறையை விளக்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மழைக்காலத்தில் எங்கள் வண்டியின் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி உடைந்தது. விடிவதற்குள் லோடு கிளம்ப வேண்டும். படத்துக்குச் சட்டம் போடும் கடையில் சாதாரணக் கண்ணாடியை அளவுக்கு வெட்டி வாங்கி மாட்டினோம். ஓட்டுநர் அதைப் பார்த்து, "முதலாளி, இது வீட்டு ஜன்னலுக்குப் போடுறது. வண்டிக்கு ஆகாது" என்றார். "இந்த சீசன் முடியட்டும், மாத்திக்கலாம்" என்றோம். சீசன் முடிந்தது, நாங்கள் மாற்றவில்லை. ஒரு நாள் கிட்டங்கி வாசலில் அவர் கதவைச் சாத்தியபோது கண்ணாடி கத்தி கத்தியாக உடைந்து முன்கையைக் கிழித்தது. பதினோரு தையல். இரண்டு மாதம் அவரால் ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை. மருத்துவச் செலவு, வாடகை வண்டிச் செலவு எல்லாம் சேர்ந்து, 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்ற கதையாயிற்று. பணம் போனது போகட்டும்; அவர் சொன்னதைக் கேட்கவில்லையே என்பது இன்றும் உறுத்துகிறது.

எந்தக் கண்ணாடி வாங்க வேண்டும்?

கதவுக்கு உரியது 'டஃபன்ட்' எனப்படும் கெட்டிப்படுத்திய கண்ணாடி. இதை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சி உடனே குளிர வைப்பார்கள். அதனால் சாதாரணக் கண்ணாடியைப் போல நான்கைந்து மடங்கு உறுதி பெறும். உடைந்தாலும் கற்கண்டுத் துண்டுகள் போலச் சிறு சிறு கட்டிகளாக உதிரும். ஈட்டி போல நீண்ட சில்லுகள் வராது.

இதைக் கெட்டிப்படுத்திய பின் வெட்டவோ துளையிடவோ முடியாது; முயன்றால் முழுவதும் நொறுங்கிவிடும். ஆகவே, "அளவுக்கு வெட்டித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அது டஃபன்ட் அல்ல என்று உடனே தெரிந்துகொள்ளலாம். கண்ணாடியின் ஓரத்தில் ஐ.எஸ். 2553 என்ற எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 100ஆவது விதியும் பாதுகாப்புக் கண்ணாடியையே கேட்கிறது. பக்கக் கண்ணாடி குறைந்தது 50 சதவீத ஒளியை உள்ளே விட வேண்டும்.

கடைக்குப் போகும்போது வண்டியின் மாடல், ஆண்டு, எந்தப் பக்கக் கதவு, முன் மூலையில் முக்கோணக் கண்ணாடி உண்டா என்பதைக் குறித்துச் செல்லுங்கள். காயலாங்கடையில் வாங்கினால் ஓரங்களை விரலால் அல்ல, கண்ணால் சோதியுங்கள். ஓரம் சிதைந்த கண்ணாடி எப்போது வேண்டுமானாலும் நொறுங்கலாம்.

மாற்றும் முறை

கையால் சுற்றி ஏற்றி இறக்கும் கண்ணாடிக்கான முறை இது. கனத்த கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்பும் அவசியம்.

1. கைப்பிடியைக் கழற்றுங்கள். சிலவற்றில் நடுவில் ஸ்குரு இருக்கும். சிலவற்றில் பின்னால் குதிரை லாட வடிவில் ஒரு கிளிப் இருக்கும்; கைப்பிடிக்கும் கதவுக்கும் இடையே துணியைக் கொடுத்து இருபுறமும் இழுத்தால் அது கழன்று வரும்.

2. மற்ற ஸ்குருக்களை எடுத்து, உள் அட்டையைக் கிளிப் உள்ள இடங்களில் மெதுவாக நெம்புங்கள். அதற்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காதீர்கள். மழைநீர் அட்டையை நனைக்காமல் காப்பது அதுதான்.

3. உடைந்த துண்டுகளைக் கதவின் அடிவரை சுத்தமாக எடுங்கள். கதவின் அடியில் நீர் வடியும் துளைகள் உண்டு. அவை அடைபட்டால் கதவு துருப்பிடிக்கும்.

4. பழைய கண்ணாடியின் அடியில் உள்ள இரும்புச் சேனலைப் பத்திரமாக எடுத்துப் புதியதில் பொருத்துங்கள். உள்ளே ரப்பர் வைத்து, சோப்பு நீர் தடவி, ரப்பர் சுத்தியலால் தட்டலாம். அடுத்த பக்கக் கதவைப் பார்த்து அதே இடத்தில் அளந்து பொருத்துங்கள். சிறிது விலகினாலும் கண்ணாடி சாய்ந்து சிக்கும்.

5. ஓரச் சேனலின் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறதா, ஏற்றி இறக்கும் மெஷின் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கண்ணாடி ஆடி உடைவதற்கு இவையே காரணம். இவற்றைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் உடையும்.

6. கண்ணாடியைச் சற்றுச் சாய்த்து உள்ளே இறக்கி, ஓரச் சேனலில் நிறுத்தி, போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்குங்கள். முழுவதும் ஏற்றிப் பார்த்து, நேராக நின்ற பிறகே ஸ்பேனரால் இறுக்குங்கள்.

7. பத்து முறை ஏற்றி இறக்குங்கள். இறுக்கமாக இருந்தால் சேனலில் சிலிக்கான் ஸ்பிரே அடிக்கலாம்; எண்ணெயும் கிரீசும் ரப்பரைக் கெடுத்துத் தூசியைச் சேர்க்கும். கடைசியாக ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அடித் துளை வழியாக வடிகிறதா என்று பாருங்கள்.

கணக்குப் பார்ப்போருக்கு

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள வண்டிக்குக் கண்ணாடிச் செலவு கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும், ஒரு சிறு தொகைக்காகக் கோரிக்கை வைத்தால் 'நோ கிளெய்ம் போனஸ்' போய்விடும். அது 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும் தள்ளுபடி. ஆகவே இரண்டையும் எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

புதிய கண்ணாடி வரும்வரை பிளாஸ்டிக் தாள் ஒட்டி ஓட்டலாம் என்று நினைக்கிறோம். பக்கவாட்டு ரியர்வியூ கண்ணாடி தாளுக்கு அப்பால் தெரியாது. இரவில் அப்படி ஓட்டச் சொல்லாதீர்கள்; லோடு ஒரு நாள் தாமதமானால் வாடிக்கையாளர் பொறுப்பார்.

எடைக்கல் சரியா என்று தினம் பார்க்கிறோம். நம் சரக்கைச் சுமந்து போகிறவர் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் கதவையும் ஒரு முறை பார்ப்போம். எங்கள் ஓட்டுநர் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறார். இப்போது வண்டியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னால், அன்றைக்கே வேலை முடிந்துவிடுகிறது.