கலம் ஏறிய கலம்: தேநீர்க் கிண்ணமும் நம் கடற்கரை ஓடும்

'கலம்' என்னும் சொல் தமிழில் மட்பாண்டத்தையும் குறிக்கும், மரக்கலத்தையும் குறிக்கும். பன்னிரண்டு மரக்கால் நெல்லும் ஒரு கலமே என்பதைத் திருவாரூர்ப் பகுதி உழவர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மரக்கலம் ஏறிய சீன மட்கலங்கள் இடைக்காலத்தில் இரு திசைகளிற் பயணம் செய்தன. கிழக்கே ஜப்பானில் அவை தேநீர்ச் சடங்கின் அரும்பொருள்களாயின. மேற்கே நம் கடற்கரையில் மணலுக்குள் ஓடுகளாய்க் கிடக்கின்றன. ஒரே சூளைப் பொருளுக்கு இருவேறு வாழ்வு வாய்த்தது ஏன் என்பதே நம் வினா.

பொடித்த பசுந்தேயிலையை வெந்நீரில் இட்டு, மூங்கில் கடைகோலால் கலக்கி, முறைப்படி விருந்தினர்க்கு அளிப்பது ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு. இதற்குச் செவ்விய வடிவம் தந்தவர்களுள் தலையாயவர் சென் நோ ரிக்யூ (1522–1591). அவருக்கு முன் பளபளக்கும் சீனக் கலங்களுக்கே மதிப்பு மிகுதி. அவரோ சோஜிரோ என்னும் கலைஞர் சக்கரமின்றிக் கையாலேயே வனைந்த எளிய கிண்ணத்தை விரும்பினார். 'ராக்கு' எனப்படும் அவ்வகைக் கிண்ணம் குறைந்த வெப்பத்திற் சுடப்படுவது, கைக்கு இதமானது. கெட்டித் தேநீரை விருந்தினர் அனைவரும் ஒரே கிண்ணத்தில் கைமாற்றிப் பருகுவர். ஒரே சகனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் நம்மவர்க்கு இவ்வழக்கம் புதுமையாகத் தோன்றாது.

எளிமை போற்றப்பட்ட பின்னரும் பழைய சீனக் கலங்கள் மதிப்பிழக்கவில்லை. சீனத்தின் லுங்சுவான் சூளைகளில் உருவான பச்சை மெருகுக் கிண்ணம் ஒன்று இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. 15ஆம் நூற்றாண்டின் ஆட்சியாளர் அஷிகாகா யோஷிமாசாவிடம் இருந்தபோது அது விரிசல் கண்டதாம். இதற்கு இணையாக வேறொன்று வேண்டுமென்று அதனைச் சீனத்துக்கு அனுப்பினாராம். இத்தகையது இப்போது இங்கு இல்லையென்று கூறி, விரிசலை உலோகக் கவ்விகளால் இணைத்துத் திருப்பி அனுப்பினராம். வழிவழி வரும் செய்தி இது. அக்கவ்விகளை வெட்டுக்கிளிக்கு ஒப்பிட்டுக் கிண்ணத்துக்குப் பெயரும் சூட்டினர். ஒட்டுப்போட்ட தழும்பே அதன் பெருமையாயிற்று.

இனி நம் கரைக்கு வருவோம். இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழாய்வு செய்தனர். 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனக் கல ஓடுகள் அங்கே மிகுதியாகக் கிடைத்தன. லுங்சுவான் பச்சைக் கலங்களின் ஓடுகளும் அவற்றுள் உண்டு. அவற்றை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் நொபோரு கராஷிமா (1933–2015). சோழர் கல்வெட்டுகளில் துறைபோகிய இப்பேரறிஞர், இப்னு பதூதா குறிப்பிடும் 'ஃபத்தன்' என்னும் துறைமுகம் பெரியபட்டினமே எனக் கருதினார். முஸ்லிம் வணிகர் செழித்த ஊர் அது. நம் மணலில் கிடந்த ஓட்டின் வரலாற்றை நமக்குப் படித்துக் காட்டியவர்களுள் ஒருவர், அத்தகைய கலத்தைக் கொண்டாடும் நாட்டிலிருந்து வந்தவர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நம்மிடம் மண்கல மரபு இல்லாமலில்லை. காவிரி வண்டலை வேளார் சக்கரத்தில் வனைந்து, தட்டி, வைக்கோல் மூடிச் சுடும் பானை மெருகு பூசப்படாதது. நீரைச் சிறிது கசியவிடுவதாலேயே அது குளிர்விக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் புதுப்பானை வாங்குவோம். கீறல் விழுந்தால் எறிவோம். மலிவும் புதுமையும் இதன் இயல்பு. பழமையைப் பேணும் ஜப்பானிய நோக்கு இங்கு உருவாகாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது நம் எண்ணம். ஆயினும் சீனக் கலத்துக்கு நாம் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. 'பீங்கான்' என்பது பாரசீகச் சொல். அரபியில் 'ஃபின்ஜான்' என்றும், மலாயில் தட்டைக் குறிக்கும் 'பிங்கான்' என்றும் வழங்குவது அதுவே. மலாயா சென்று மீண்ட கூத்தாநல்லூர்ப் பெரியவர்களுக்கு இச்சொல் இரு கரையிலும் கேட்ட சொல்லாகும்.

நம் கரையும் அச்சடங்குக்கு ஒன்று அளித்ததுண்டு. தேயிலைத்தூள் சிமிழை ஜப்பானியர் துணிப்பையில் இட்டுக் காப்பர். பட்டோடு, சோழமண்டலக் கரையின் எழுத்துப் பருத்தித் துணியும் இதற்குப் பயன்பட்டது. அதனைச் 'சராசா' என்பர். கோடிட்ட பருத்தித் துணிக்கு அங்கு வழங்கிய 'சாந்தோமே' என்னும் பெயர், மயிலாப்பூர்ச் சாந்தோமிலிருந்து சென்றதே. இத்துணிகளை நாகசாகிக்குக் கொண்டு சென்ற டச்சுக்காரர், 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தைக் கைக்கொண்டிருந்தனர். திருவாரூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் உள்ள ஊர் அது.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. கடற்கரையூர்களில் கிணறோ இறால் குட்டையோ தோண்டும்போது பச்சை மெருகுள்ள ஓடு தென்படக்கூடும். உடைந்த விளிம்பைப் பாருங்கள். நாட்டு ஓடாயின் சிவந்தோ கறுத்தோ இருக்கும். ஈர நாக்கில் வைத்தால் ஒட்டும். பச்சைச் சீன ஓடாயின் விளிம்பு சாம்பல் கலந்த வெண்மையாய் இறுகியிருக்கும், நீரை உறிஞ்சாது. அகப்பட்ட இடத்தையும் ஆழத்தையும் அன்றே எழுதி வைத்து, தொல்லியல் துறையினர்க்கோ தமிழ்ப் பல்கலைக்கழகத்தார்க்கோ தெரிவியுங்கள். இடம் அறியப்படாத ஓட்டைக்கொண்டு அது எச்சூளையது என்று கூறலாம். எந்தத் துறையில் இறங்கிற்று என்று கூற இயலாது.