குறைமாதப் பிரசவம்: கர்ப்பிணிகள் கவனத்துக்கு

37 வாரம் நிறையும் முன் பிறப்பதே குறைமாதப் பிரசவம். 2020-ல் உலகில் சுமார் 1.34 கோடிக் குழந்தைகள் இப்படிப் பிறந்தன என்கிறது உலக சுகாதார நிறுவனம். எல்லாவற்றையும் தடுக்க முடியாது. ஆனால், தாயின் உடல்நிலையில் முன்பே கண்டறிந்து சரிசெய்யக்கூடியவை பல.

● ரத்தசோகை: ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் கவனம் தேவை. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபி, கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்க வேண்டாம். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் நல்ல துணை.

● ரத்த அழுத்தம்: 140/90 தொட்டாலோ, விடாத தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம் இருந்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

● சிறுநீர்த் தொற்று: எரிச்சலே இல்லாமலும் இருக்கலாம், பரிசோதனையில்தான் தெரியும். மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

● சர்க்கரை: இதுவரை இல்லாதவருக்கும் கர்ப்பத்தில் வரலாம். சொன்ன நாளில் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

● இடைவெளி: ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே இரண்டு ஆண்டுகளாவது வேண்டும்.

● புகை: கணவர் விடும் சிகரெட் புகையும் ஆபத்துதான். வீட்டுக்குள் யாரும் புகைக்கக் கூடாது.

முந்தைய பிரசவம் குறைமாதமாக இருந்திருந்தால், முதல் பரிசோதனையிலேயே சொல்லிவிட வேண்டும். கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளந்து, தேவைப்பட்டால் மருந்து தருவார்கள்.

விட்டுவிட்டு வயிறு இறுகுவது, அடிமுதுகு வலி, நீர்க்கசிவு, ரத்தப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 108-ஐ அழைக்கலாம். நேரத்தோடு போனால், குழந்தையின் நுரையீரலைப் பலப்படுத்தும் ஸ்டீராய்டு ஊசி போட அவகாசம் கிடைக்கும்.