வீட்டிலிருந்தே ஜெர்மன்: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

நர்சிங் படிப்பு முடிவதற்குள் ஜெர்மனும் கற்றுவிட வேண்டும் என்று நீ துடிப்பதாக அக்கா போனில் சொன்னாள். “கோவில்பட்டியில் யார் சொல்லிக்கொடுப்பா? சென்னையில் தங்கிப் படிக்க நமக்கு வசதி ஏது?” என்பது அவள் கவலை. அந்தக் கவலை வேண்டாம், தாயி. ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் மொழித் தேர்ச்சிப் படிகளில் பி1 வரை வீட்டிலிருந்தே படித்துவிடலாம். அதற்கு நல்ல பாடங்கள் காசில்லாமலே கிடைக்கின்றன. ஆனால் தினமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், தப்பைத் திருத்த ஒருவர் வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் எத்தனை வீடியோ பார்த்தாலும் மொழி ஒட்டாது.

இதற்கு ஒரு முன்மாதிரி நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1706 ஜூலையில் சீகன்பால்கு என்ற ஜெர்மானியர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். வயது ஏறத்தாழ 24. தமிழ் தெரியாது. பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி எழுத்துகளைக் கற்றார். பிறகு தான் படித்த முறையைக் கடிதத்தில் எழுதிவைத்தார். காலை ஏழு முதல் எட்டு வரை, தான் சேர்த்து எழுதிவைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். எட்டு மணிக்கு மேல் நண்பகல் வரை தமிழ் நூல்களைப் படிப்பார். ஐயம் தீர்க்க முதிய புலவர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். 1715இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. 1716இல் அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வெளிவந்தது. புதுப் பாடத்தைத் தொடுமுன் பழையதைச் சொல்லிப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கினார் பார், அதை நீ அப்படியே எடுத்துக்கொள்.

இனி பாடங்கள். ஜெர்மனியின் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்ல ‘நீகோஸ் வேக்’ என்ற இலவசப் பாடத்தை நடத்துகிறது. ஸ்பெயினிலிருந்து வந்து, ஜெர்மனியில் பையைத் தொலைத்துவிட்டு நிற்கும் நீகோ என்ற இளைஞனின் கதை அது. கதையோடு மொழியும் ஏ1 முதல் பி1 வரை வளர்கிறது. இதை முதன்மைப் பாடமாக வைத்துக்கொள். ஜெர்மனியின் மக்கள் கல்விக் கூடங்கள் நடத்தும் ‘ஃபாவ் ஹா எஸ் லெர்ன்போர்ட்டால்’ தளமும் இலவசம்தான். தனியாகப் படிப்பவரின் எழுத்துப் பயிற்சியையும் அங்கே இணையவழி ஆசிரியர்கள் திருத்தித் தருவார்கள். சொற்களை மறக்காமல் வைத்திருக்க ‘ஆங்கி’ செயலி போதும். ஏ2 முடித்தபின், டாய்ச்ச வெல்ல மெதுவாக வாசித்துத் தரும் செய்தியைக் கேட்கத் தொடங்கு. இதற்கு மேல் எதையும் தேடி அலையாதே. வாரத்துக்கு ஒரு செயலி மாற்றுகிறவர்கள் வருஷம் முழுக்க ‘வணக்கம், என் பெயர்’ என்ற பாடத்திலேயே நிற்பார்கள்.

தினம் ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள். முதல் 15 நிமிஷம் பழைய சொற்கள். அடுத்த 25 நிமிஷம் புதுப் பாடம். அதில் ஒவ்வொரு வாக்கியத்தையும் கேட்டு, நிறுத்தி, அதே ராகத்தில் உரக்கச் சொல். அடுத்த 10 நிமிஷம் உன் அன்றைய நாளைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுது. ‘இன்று மழை இல்லை’, ‘காட்டில் உளுந்து எடுக்கிறார்கள்’, ‘அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருக்கிறாள்’ என்று உன் வீட்டையும் ஊரையும் எழுது. கடைசிப் பத்து நிமிஷத்தில் அதையே போனில் பதிவு செய்து, உன் குரலை நீயே கேள்.

இலக்கணத்துக்குப் பயப்படாதே. பள்ளியில் படித்த வேற்றுமை உருபுகள் இப்போது கைகொடுக்கும். ஆசிரியர், ஆசிரியரை, ஆசிரியருக்கு, ஆசிரியருடைய என்று நாம் சொல்வதை அவர்கள் டேர் லேரர், டேன் லேரர், டேம் லேரர், டெஸ் லேரர்ஸ் என்கிறார்கள். நமக்குச் சொல்லின் கடைசியில் மாறுவது அவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லுக்கு முன்னால் மாறுகிறது. நம் முதல், இரண்டாம், நான்காம், ஆறாம் வேற்றுமைகளை நினைவில் வைத்தால் இந்த நான்கும் பிடிபடும். ‘எனக்கு உடம்பு சரியில்லாததால்’ என்பது போன்ற சார்பு வாக்கியங்களில் அவர்களும் வினையைக் கடைசியில்தான் வைக்கிறார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் தடுமாறும் இடம் அது, நமக்குப் பழகிய பாதை.

சிரமம் பால் பாகுபாட்டில்தான். மேசை ஆண்பால், கதவு பெண்பால், புத்தகம் ஒன்றன்பால். சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஹென்’கூட ஒன்றன்பால். இதற்குத் தர்க்கம் தேடினால் நேரம்தான் வீணாகும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் டேர், டீ, டாஸ் என்ற முன்சொல்லோடு சேர்த்தே எழுது, சேர்த்தே சொல். உச்சரிப்பில் நம்மிடம் இல்லாத ஒலிகளும் உண்டு. ‘ஊ’ சொல்கிறபோது உதடு குவிகிறதே, அப்படிக் குவித்துக்கொண்டு ‘ஈ’ சொல்லிப் பார். எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்து அவர்கள் எழுதும் ஊம்லாவுட் ஒலிகளில் ஒன்று வந்துவிடும்.

சொற்குறிப்பு நோட்டு ஒன்று போடு. பக்கத்து இடைசெவலில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட எழுத்தாளர் கி.ராஜநாராயணன், ஊர் மக்கள் பேசிய சொற்களைக் காதால் கேட்டுத் தொகுத்துக் கரிசல் வட்டாரத்துக்கே ஓர் அகராதி தந்தார். காது கூர்மையாக இருந்து, கையில் நோட்டும் இருந்தால் வகுப்பறை இல்லாமலும் படிப்பு நடக்கும் என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி நமக்கு வேண்டாம்.

கால அளவையும் தெரிந்துகொள். ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே இன்ஸ்டிட்யூட் கணக்குப்படி பி1 எட்ட, 45 நிமிஷப் பாடவேளைகள் 350 முதல் 650 வரை ஆகும். தினம் ஒரு மணி நேரம் தவறாமல் படித்தால் ஒன்பது மாதம் ஆகலாம், ஒன்றேகால் வருஷத்துக்கு மேலும் ஆகலாம். ‘மூன்று மாதத்தில் ஜெர்மன், கையோடு வேலை’ என்று பணம் கேட்கிற ஏஜெண்டிடம் அம்மாவின் நகையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதே.

கோதே தேர்வுகள் சென்னை, கோயம்புத்தூர், திருவனந்தபுரம் மையங்களில் நடக்கின்றன. வீட்டில் படித்தவர்களும் எழுதலாம். படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கு பகுதிகளையும் பி1இல் தனித்தனியாகவும் எழுதலாம். ஒவ்வொன்றிலும் 100க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. மாதிரி வினாத்தாள்களையும் சொற்பட்டியலையும் அவர்களே இலவசமாகத் தருகிறார்கள். பி1 பட்டியலில் ஏறத்தாழ 2,400 சொற்கள் இருக்கும். ஜெர்மனியில் நர்சாக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 கேட்கிறார்கள். அந்தக் கடைசிப் படிக்கு ஆசிரியரிடம் இணையவழி வகுப்பில் சேர். சேர்த்த காசை அதற்குச் செலவழி.

அதுவரை திருத்துவதற்கு ஆள் வேண்டுமே? உன் கல்லூரியில் ஜெர்மன் படிக்க ஆசைப்படுகிற தோழி ஒருத்தியைப் பிடி. வாரம் இரண்டு நாள் போனில் ஜெர்மனில் மட்டும் பேசுங்கள். இருவருக்கும் புரியாததை லெர்ன்போர்ட்டால் ஆசிரியரிடம் கேளுங்கள். தப்பாகப் பேச வெட்கப்படாதே. நோயாளி வலி என்று சொல்லும்போது உனக்குப் புரிய வேண்டும், நீ சொல்லும் ஆறுதல் அவருக்குப் புரிய வேண்டும். நீ இந்த மொழியைப் படிப்பது அதற்காகத்தான், சான்றிதழ் அதற்குப் பிறகு.

நல்ல நாள் பார்க்க வேண்டாம். நாளைக் காலையிலேயே தொடங்கு. முதல் பாடத்தின் முதல் வாக்கியத்தை வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல், தாயி.

அன்புடன்,
மாமா